"அப்பவே பண்ணியிருக்கலாம்ல"ன்னு சொல்றவங்களுக்கு

வேலைய விட்டுட்டு இப்ப மரவேலையில இறங்கியிருக்கற என்னைப் பத்தி ஞாயித்துக்கிழமை அந்தப் பெரியவர் மைக்கப் புடிச்சுக்கிட்டு பேசினத உங்கள்ல பாதி பேர் நேர்ல கேட்டீங்க, மீதி பேருக்கு வீடியோ வந்திருக்கும். "இந்த ஆர்வம் முப்பது வயசுல வந்திருந்தா இவங்க எங்கயோ போயிருப்பாங்க, பாவம்." கைதட்டல் வேற. பாராட்டினாராம். அப்பலேர்ந்து ஆளாளுக்கு போன் பண்ணி "நல்லாத்தான சொன்னாரு, நீ ஏன் மூஞ்சிய தூக்கி வச்சிருந்த"ன்னு கேக்கறீங்க. அந்த 'பாவம்' இருக்கு பாருங்க, அதுக்குத்தான்.

முப்பது வயசுல எனக்கு ஆர்வம் இல்லாம ஒண்ணும் இல்ல. மரவேலை கத்துக்கணும்னு நான் வாய் திறந்தப்ப "நிரந்தர வேலைய விட்டுட்டு கட்டை இழைக்கப் போறியா, அதுவும் ஒரு பொண்ணு"ன்னு சிரிச்சவங்கள்ல முதல் ஆள் யாருன்னு நான் சொல்லணுமா? வேணாம், வயசுக்கு மரியாதை.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். கடந்து போன வருஷமெல்லாம் போயிடுச்சு. அதுக்காக உக்காந்து அழறதுக்கு இருக்கற வருஷத்தையும் எடுத்துக் குடுக்க என்னால முடியாது. யாராவது அழச் சொல்லி மைக்ல கேட்டாலும் முடியாது.

இது எனக்கு எங்கயோ படிச்சு வந்த ஞானம் இல்லீங்க, வீட்டுல பாத்தது. எங்கப்பாவுக்கு வேலையில இருந்தப்ப ஒரு டிரான்ஸ்பர் வந்துது, கூடவே ப்ரமோஷன். வேணாம்னு எழுதிக் குடுத்துட்டார். ரிட்டையர் ஆனதுக்கப்பறம் அவருக்கு நெறைய காலம் இருந்துது, உடம்பும் நல்லாத்தான் இருந்துது, ஆனா அந்தக் காலம் முழுக்க அவர் அந்த ஒரு லெட்டர்லயே குடியிருந்தார். யார் வந்தாலும் அதே கதை, "அன்னைக்கு மட்டும் சரின்னு சொல்லியிருந்தா"ன்னு ஆரம்பிச்சு எந்த நாற்காலியில உக்காந்திருப்பார், யார் யாரெல்லாம் எழுந்து நின்னிருப்பாங்கங்கற வரைக்கும் போகும். பேரப்பசங்க பக்கத்துல விளையாடிட்டிருப்பாங்க, திரும்பிப் பாக்க மாட்டார். கடைசியில "எல்லாம் குழந்தைங்க படிப்புக்காக விட்டேன்"னு முடிப்பார். அந்தக் குழந்தைங்கள்ல ஒண்ணு நான். விருந்தாளிங்களுக்கு தண்ணி கொண்டு வந்து வச்சிட்டு ஒவ்வொரு தடவையும் அதக் கேட்டுட்டு உள்ள போவேன். அவர் இழந்ததுக்கு நான்தான் காரணம்னு நேரடியா ஒரு நாளும் சொல்லல. சொல்லணுமா என்ன?

அதுல எனக்கு எரிச்சல் என்னன்னா, அவர் போகாத அந்த ஊர்ல ஒரு கெட்ட நாள் கூட கிடையாது. மேலதிகாரி தங்கம், உடம்பு இரும்பு, எல்லாம் நெனச்சபடி. நடக்காத வாழ்க்கை எப்பவும் அழகாத்தான் இருக்கும், அதுல யாரும் வாழ்ந்து பாக்கலையே. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ல மெடல் வாங்கினவங்க முகத்த வீடியோவுல பாத்து ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. வெள்ளி வாங்கினவங்கள விட வெண்கலம் வாங்கினவங்கதான் சந்தோஷமா தெரிஞ்சாங்களாம். வெள்ளிக்காரங்களுக்கு தங்கம் போச்சேன்னு கவலை, வெண்கலத்துக்கு மெடலாவது கெடச்சுதேன்னு நிம்மதி. உலகத்துலயே ரெண்டாவது ஆளா வந்தவங்களுக்கே இந்த கதின்னா எங்கப்பாவ நான் என்ன சொல்ல.

இப்ப சண்டைக்கு வருவீங்க, தெரியும். "வருத்தப்படலன்னா மனுஷன் எப்படி திருந்துவான்?" திருந்தறதுக்கு எவ்ளோ நாள் வேணும்? ஒருத்தருக்கு கெடுதல் பண்ணியிருந்தா போய் மன்னிப்பு கேளு, கடன் இருந்தா திருப்பிக் குடு. அத ரெண்டையும் பண்ணாம நாப்பது வருஷம் பெருமூச்சு விடறதுக்குப் பேரு திருந்தறது இல்ல.

படிச்ச தோழி ஒருத்தி வேற மாதிரி மடக்கினா. கிலோவிச், மெட்வெக்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சிக்காரங்க 1990கள்லயே எழுதியிருக்காங்களே, செஞ்ச தப்பு அப்போதைக்கு சுடும், ஆனா காலம் போகப் போக செய்யாம விட்டதுதான் ஜாஸ்தி வலிக்கும்னு, அப்ப அந்தப் பெரியவர் சொன்னது சரிதானேன்னா. ஆமா, வலிக்கும். வலிக்குதுன்னுதான இப்ப போய் செய்யறேன்! செய்யாம விட்டதுக்கு மருந்து செய்யறதுதான், அதுக்கு மேடை போட்டு 'பாவம்' சொல்றது இல்ல.

"உனக்கு வசதி இருக்கு, வேலைய விட்டுட்ட, பேசற." இதுக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல. அந்த வசதிக்கு எத்தன வருஷம் குடுத்தேன்னு எனக்குத் தெரியும். சொல்லல.

அப்பறம், "இப்பல்லாம் யார் வீட்டு விசேஷத்துக்கும் வர்றதில்ல, தலைக்கனம்"னு ஒரு பேச்சு ஓடுதாம். லாரா கார்ஸ்டென்சென்னு ஒரு உளவியல் பேராசிரியர் பல வருஷமா சொல்லிட்டிருக்காங்க, மிச்ச காலம் கம்மின்னு உணர்ந்தவங்க தெரிஞ்சவங்க கூட்டத்த சுருக்கிக்கிட்டு, மனசுக்கு நெருக்கமான கொஞ்ச பேரோட இருக்கத்தான் பாப்பாங்கன்னு. வயசு மட்டும் காரணம் இல்ல, சின்ன வயசுலயே பெரிய நோய் வந்தவங்களும் அப்படித்தானாம். அதனால தலைக்கனம் இல்ல, கணக்கு. காலையில பட்டறை, சாயந்திரம் எனக்குப் புடிச்ச நாலு பேர். இழைப்புளி புடிச்சு கை காய்ச்சுப் போச்சு, நான் செஞ்ச ஸ்டூல்ல ஒரு கால் இன்னும் ஆடுது (கேட்டவங்களுக்கு இப்போதைக்கு கிடையாது). இதுல நான் எங்கயும் 'போகப்' போறதில்ல சார். எங்கயோ போறதுக்காக இத ஆரம்பிக்கல. முப்பதுல ஆரம்பிச்சிருந்தாலும் எங்கயும் போயிருக்க மாட்டேனோ என்னவோ, அத வச்சு உங்களுக்கு என்ன?

கோவத்துல எங்கயோ போயிட்டேன். உண்மையில இத எழுத வச்சது அந்தப் பெரியவர் கூட இல்ல, என் தம்பி. அவனும் இப்ப ஆரம்பிச்சிருக்கான். வெளிநாட்டு வேலை ஒண்ணு வந்து, அப்பாவப் பாத்துக்கணும்னு போகாம விட்டானே, அது. போன்ல தினமும் அதே. குரல் கூட அப்படியே அப்பா குரல். பின்னாடி அவன் பொண்ணு ஏதோ கேட்டுக்கிட்டே இருக்கா, "இரும்மா"ங்கறான். நேத்து சொல்லிட்டேன், "அந்தக் கதைய விடு, இல்லன்னா நான் போன வைக்கறேன், முதல்ல அவ என்ன கேக்கறான்னு பாரு"ன்னு. "உனக்கு ஈஸியா இருக்கு"ன்னு கோவிச்சுக்கிட்டு அவனே வச்சிட்டான். நாளைக்கு நானே கூப்பிடுவேன். திரும்ப அதையே எடுத்தான்னா, இந்த தடவை நான் வைப்பேன்.