தோமாஸ் லோபெஸைக் குறை சொல்பவர்களுக்கு

பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்பெயினின் நிலப்படங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், மத்ரிதில் உட்கார்ந்தபடியே நாடு முழுவதையும் வரைந்தவர் என்று தோமாஸ் லோபெஸுக்கு ஒரு வசவு விழுந்துவிடுகிறது. செய்தி உண்மைதான். ஆனால் பழியை அவர் தலையில் மட்டும் சுமத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

1730இல் மத்ரிதில் பிறந்தவரை, நிலப்படம் வரையவும் செம்புத் தகட்டில் செதுக்கவும் கற்றுவரும்படி 1752இல் பாரிசுக்கு அனுப்பியது அரசுதான். அங்கே வாய்த்த ஆசானான தான்வீல், இந்தியாவில் கால் வைக்காமலே, கைக்குக் கிடைத்த குறிப்புகளையும் பழைய படங்களையும் ஒப்பிட்டு அதே ஆண்டில் இந்தியாவுக்குப் படம் வெளியிட்டவர். மறுபுறம், ஸ்பானியக் கடற்படை அறிவியலாளர்களான ஹோர்ஹே ஹுவானும் உல்யோவாவும் ஸ்பெயினை முக்கோண முறையில், அதாவது நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்துக் கோணங்களைக் கொண்டு தொலைவுகளைக் கணக்கிடும் முறையில், அளக்கத் திட்டம் தீட்டியிருந்தார்கள்; ஆதரித்த அமைச்சர் என்செனாதா 1754இல் பதவி இழந்ததும் அது கிடப்பில் போயிற்று. பிரான்சில் கசினி குடும்பத்தார் கருவிகளோடு ஊர் ஊராக அளந்துகொண்டிருந்த காலத்தில், 1760இல் நாடு திரும்பிய லோபெஸுக்குக் கைகொடுத்தது தபால் மட்டுமே.

15 கேள்விகளை அச்சிட்டு ஆயர்களுக்கும் பங்குத் தந்தையருக்கும் அனுப்பினார். ஆறு எங்கே பிறந்து எதில் கலக்கிறது, அடுத்த ஊர் எவ்வளவு தூரம், என்ன விளைகிறது, எந்த நோய் வருகிறது, அதற்கு என்ன வைத்தியம், எத்தனை பிறப்பு, எத்தனை இறப்பு என்று கேட்டதோடு, ஊரைச் சுற்றி இரண்டு மூன்று லீக் பரப்புக்கு ஒரு படமும் வரைந்து தரச் சொன்னார். வந்த படங்கள் சிலவற்றில் சொந்த ஊர் நட்டநடுவில் இருக்கிறது. அண்டை ஊர்கள் அதைச் சுற்றி வட்டமாக நிற்கின்றன. லீக் என்பதே ஒரு மணி நேர நடைத் தொலைவு என்ற புழக்கம் இருந்த நாட்டில், மலையூர்க்காரரின் லீக்கும் சமவெளிக்காரரின் லீக்கும் எப்படி ஒன்றாகும்? இவற்றை இணைத்து அவர் வெளியிட்ட மாகாணப் படங்களில் ஊர்கள் இடம் மாறி நிற்பதில் வியப்பில்லை. முரண்பட்ட பதில்களை நேரில் சென்று சரிபார்க்காதது அவருடைய குறைதான். அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆயினும் 1770இல் அவருக்கு அரச புவியியலாளர் பட்டம் தந்த அரசு, அளப்பதற்கு ஒரு குழுவைத் தரவில்லையே! 1802இல் அவர் மறைந்தபின் மகன்கள் 1804இல் அவருடைய படங்களை ஸ்பெயின் நிலப்பட நூலாக வெளியிட்டார்கள். முறையாக அளந்து வரைந்த தேசிய நிலப்பட வரிசையின் முதல் தாளோ 1875இல்தான் வந்தது. பங்குத் தந்தையர் எழுதிய பதில்கள் மத்ரித் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. உள்ளூர் வரலாறு எழுதுவோர் இன்றும் அவற்றைத் தேடிப் போகிறார்கள். லோபெஸை மதிப்பிட அவருடைய படங்களோடு அந்தக் கட்டுகளையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.