ஆமா, நான் இருமல் ரசிகன் தான்

நேத்து அந்த க்ளிப்புக்குக் கீழ நடந்ததைப் பார்த்தவங்களுக்கு நான் தனியா விளக்க வேண்டியதில்ல. சோவியத் பியானோ மேதை ரிக்டரோட பழைய கச்சேரி ரெக்கார்டிங், கூட்டத்தோட இருமலை எல்லாம் ஏஐ வச்சுத் துடைச்சது, பளிங்கு மாதிரி இருக்காம், ஹார்ட்டா குவியுது. நான் ஒரே ஒரு வரி தான் போட்டேன், இருமலை எடுத்தா அது சோஃபியா கச்சேரி இல்லைன்னு. உடனே "இருமல் ரசிகர் மன்றத் தலைவர்"னு பட்டம். சிரிச்ச ஸ்மைலி போட்டதுல என் ஃப்ரெண்ட்ஸே நாலு பேர். பார்த்தேன்பா, பார்த்தேன்.

1958 பிப்ரவரி, பல்கேரியாவோட தலைநகர் சோஃபியா, நல்ல குளிர். ஹால்ல பாதிப் பேருக்கு ஜலதோஷம் போல, முசோர்க்ஸ்கியோட இசை மெதுவா இழையற இடத்துல இந்தப் பக்கம் ஒருத்தர் இருமினா அந்தப் பக்கம் ஒருத்தர் பதில் இருமுறார். ரிக்டருக்கும் அங்கங்க விரல் தப்புது. அதுக்கு நடுவுல தான் அந்த மனுஷன் அப்படி வாசிச்சார். கூட்டத்தையே அழிச்சிட்டா எதை மீறி வாசிச்சார்னு எப்படித் தெரியும்?

"சுத்தமா கேக்க ஆசைப்படறது குத்தமா சார்?" குத்தமே இல்ல சார். அதுக்குத் தான் ஸ்டுடியோ ரெக்கார்டிங் கொட்டிக் கிடக்கே, தாராளமா கேளுங்க.

இன்னொரு பியானோ மேதை ஹோரோவிட்ஸ் 12 வருஷம் மேடை ஏறாம இருந்துட்டு 1965 மே 9 நியூயார்க் கார்னகி ஹால்ல உக்காந்தார். ஆரம்பத்துலயே, பாக் எழுதி புசோனி பியானோவுக்கு மாத்தின உருப்படில, தப்பு சுரம். அப்ப வந்த இசைத்தட்டுல சில தப்பைத் திருத்திட்டாங்க, திருத்தாதது 2003ல தான் வெளிய வந்துச்சு. எனக்கு அந்த ரெண்டாவது தான் வேணும். அந்த சறுக்கல்ல அவர் பயம் கேக்குது, இவ்ளோ பெரிய ஆளுக்கும் கை நடுங்குமான்னு எனக்கு ஒரு தைரியம்.

பியானோ கலைஞர் லிபாட்டியை எடுத்துக்கோங்க. 1950 செப்டம்பர் 16, பிரான்ஸ்ல பெசான்சோன் ஊர்ல கச்சேரி, சாகறதுக்கு மூணு மாசம் கூட இல்ல, வயசு 33. ஷோபான் எழுதின வால்ட்ஸ்ங்கிற நடன மெட்டு 14ல 13 தான் வாசிச்சு முடிஞ்சது, கடைசி ஒண்ணுக்கு உடம்பு இடம் கொடுக்கல. இப்ப அதையும் ஏஐ வச்சு நிரப்பி "முழுசாக்கிட்டோம்"னு போடுவீங்களா? போட்டாலும் போடுவீங்க.

அடுத்து பியானோ கலைஞர் க்ளென் கூல்டைத் தூக்கிட்டு வருவீங்க, அவரே ரெக்கார்டிங்கை வெட்டி ஒட்டினவர் தானேன்னு. அவர் 1964ல மேடையையே விட்டுட்டுப் போனவர், ஒட்டினது ஸ்டுடியோவுல, கச்சேரின்னு யாரையும் ஏமாத்தல. அப்படி ஒட்டினதுலயும் அவர் முனகறது கேக்குது. போதுமா?

இவ்ளோ கோவம் ஏன்னு இன்பாக்ஸ்ல ஒருத்தர் கேட்டார். சொல்றேன். ரேடியோவுல பியானோ கச்சேரி வந்தா எங்கப்பா டேப் ரெக்கார்டரை ஸ்பீக்கர் முன்னாடி வச்சுப் பிடிப்பார். எங்களை மூச்சு விடக் கூடாதும்பார். ஒரு கேசட்ல ரொம்ப நேரம் அடக்கிப் பார்த்து முடியாம அவரே தொண்டையைச் செருமி, "ச்சை"ன்னு மெதுவா சொல்லுவார். அவர் போன பிறகு அதை டிஜிட்டல் பண்ணக் கொடுத்தோம். வந்த ஃபைல்ல நாய்ஸ் எல்லாம் எடுத்தாச்சுன்னு பெருமையா சொன்னாங்க. ஆமா, எடுத்திருந்தாங்க. பியானோ மட்டும் இருந்துச்சு.

என்ன சொல்ல வந்தேன், ரிக்டர். விடுங்க.

கேசட் இன்னும் என்கிட்ட தான் இருக்கு, பிளேயர் தான் இல்ல. நாடாவைக் கடிக்காத பழைய டேப் ரெக்கார்டர் யார்கிட்டயாவது இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க. ஸ்மைலி போட்டவங்களும் சொல்லலாம்.