டி.எச்.கியூ. திரும்பி வரவில்லை, வந்தது பெயர் மட்டும்

ஒரு கேமின் அட்டையில் அந்த மூன்று எழுத்துகளைப் பார்த்ததும் "டி.எச்.கியூ. மறுபடி வந்துடுச்சு" என்று சந்தோஷப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீடியோ கேம் வெளியிட்டுவந்த அந்தப் பழைய அமெரிக்க நிறுவனம் 2013 ஜனவரியிலேயே துண்டு துண்டாக ஏலத்தில் போய்விட்டது. அன்று எது எங்கே போனது என்று தெரிந்தால்தான் இன்று எந்தக் கேமுக்கு யாரிடம் கேட்பது என்று தெரியும்.

1990-ல் ஜாக் ஃப்ரீட்மன் கலிஃபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம் இது. டாய் ஹெட்குவார்ட்டர்ஸ் என்பதன் சுருக்கம்தான் பெயர். மல்யுத்தம், நிக்கலோடியன் கார்ட்டூன், பிக்சார் படம் என்று உரிமம் வாங்கி கேம் வெளியிடுவதுதான் பிழைப்பு. உரிமத் தொழிலில் ஒரு சிக்கல் உண்டு. கேம் விற்றாலும் விற்காவிட்டாலும் உரிமக்காரருக்குக் குறைந்தபட்சத் தொகை கொடுத்தாக வேண்டும். படம் வெளியாகும் நாளில் கேமும் கடையில் இருக்க வேண்டும். முழுதாக முடியாத வேலையும் அந்தத் தேதியில் வெளியே போகும். ஆனாலும் பணம் வந்தது. அந்த பலத்தில்தான் 2000-ல் வொலிஷன், 2004-ல் ரெலிக், 2006-ல் விஜில் என்று கேம் செய்யும் நல்ல ஸ்டுடியோக்களை வாங்கினார்கள்.

மோசமான கேம்களால் கம்பெனி விழுந்தது என்பதை நான் ஏற்கமாட்டேன். 2011-ல் வந்த, வொலிஷன் செய்த செயின்ட்ஸ் ரோ மூன்றாம் பாகம் நன்றாகவே விற்றது. குழந்தைகளுக்கான உரிமக் கேம்களின் சந்தை ஏற்கெனவே சுருங்கியிருந்தது. அதன்மேல் விழுந்த பெரிய அடி யூட்ரா. நின்டெண்டோவின் வீ என்ற கன்சோலின் ரிமோட்டைச் செருகி, பேனாவால் வரையும் பலகை அது. 2010-ல் வீ-யில் வந்தபோது நல்ல விற்பனை. அதை நம்பி அடுத்த வருடமே பிஎஸ்3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் 79.99 டாலருக்குக் கொண்டுவந்தார்கள். வீ குடும்பத்தோடு உட்கார்ந்து விளையாடும் கன்சோல். மற்ற இரண்டையும் வாங்கியவர்களில் வரைபலகை தேடியவர்கள் குறைவு. ஒரு கேம் ஓடவில்லை என்றால் அடுத்த முறை டிஸ்க் குறைவாக அடிக்கலாம். ஹார்டுவேரை மாதக்கணக்கில் முன்னாலேயே தயாரித்துக் குவிக்க வேண்டும், அந்தப் பணம் திரும்பாது. 14 லட்சத்துக்கும் அதிகமான பலகைகள் தேங்கின. எதிர்பார்த்த வருமானத்தில் சுமார் 10 கோடி டாலர் துண்டு விழுந்தது.

2012 டிசம்பர் 19-ல் திவால் மனு. கிளியர்லேக் என்ற முதலீட்டு நிறுவனம் மொத்தமாக சுமார் 6 கோடி டாலருக்கு வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தது. அது நடந்திருந்தால் ஸ்டுடியோக்கள் ஒரே கூரையின் கீழ் தொடர்ந்திருக்கும். தனித்தனியாக விற்றால் அதிகம் தேறும் என்று கடன்காரர்கள் வாதாடினார்கள், டெலவேர் நீதிமன்றமும் அதற்கு வழிவிட்டது. கணக்குப்படி அவர்கள் சொன்னது சரிதான், சுமார் 7.2 கோடி தேறியது. ரெலிக் 2.66 கோடிக்கு சேகாவிடம். வொலிஷன் 2.23 கோடிக்கு கோச் மீடியாவிடம், மெட்ரோ என்ற கேம் தொடரும் அங்கேதான். மான்ட்ரியால் ஸ்டுடியோ யூபிசாஃப்டிடம்.

டார்க்சைடர்ஸ் கேம்களைச் செய்த விஜிலை யாரும் கேட்கவில்லை. ஸ்டுடியோவை மூடினார்கள். சில மாதம் கழித்து டார்க்சைடர்ஸ் உரிமை மட்டும் வேறு பல தலைப்புகளோடு சேர்ந்து 49 லட்சம் டாலருக்கு வியன்னாவிலிருந்த நார்டிக் கேம்ஸுக்குப் போனது. இதுதான் என்னால் இன்றும் ஜீரணிக்க முடியாத பகுதி. கேமுக்கு விலை கிடைத்தது, செய்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களில் சிலர் பின்னால் கன்ஃபயர் கேம்ஸ் என்று கூடினார்கள். 2018-ல் மூன்றாம் டார்க்சைடர்ஸ் அவர்கள் கையாலேயே வந்தது.

ஹோம்வேர்ல்ட் என்ற விண்வெளிப் போர் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். உருவாக்கியது ரெலிக். ரெலிக் சேகாவுக்குப் போனபோது ஹோம்வேர்ல்ட் கூடப் போகவில்லை; 13.5 லட்சம் டாலருக்கு கியர்பாக்ஸ் என்ற வேறொரு கேம் நிறுவனம் வாங்கியது. பழைய ரெலிக் ஆட்கள் தொடங்கிய பிளாக்பேர்ட் ஸ்டுடியோ, கியர்பாக்ஸோடு கைகோத்து 2016-லும் 2024-லும் அந்தத் தொடரில் கேம் செய்தது. ஸ்டுடியோவின் பெயர் ஓரிடம், கேமின் உரிமை ஓரிடம், ஆட்கள் இன்னோரிடம்.

டி.எச்.கியூ. என்ற முத்திரையையும் 2014-ல் நார்டிக் வாங்கி, 2016-ல் தன் பெயரை டி.எச்.கியூ. நார்டிக் என்று மாற்றிக்கொண்டது. தாய் நிறுவனம் இப்போது எம்ப்ரேசர். 2018-ல் கோச் மீடியாவை வாங்கியதால் வொலிஷனும் அதற்குள்ளேயே வந்து சேர்ந்தது. 2023-ல் 200 கோடி டாலர் ஒப்பந்தம் ஒன்று கைவிட்டுப் போனதும் எம்ப்ரேசர் ஆட்குறைப்பில் இறங்கியது. ஆகஸ்ட் 31-ல் வொலிஷனை மூடினார்கள். திவாலில் தப்பிய ஸ்டுடியோ அது.

ஆகவே பழைய கேமை மறுபடி வெளியிடச் சொல்லிக் கேட்பதற்கு முன், கடைசியாக வந்த பதிப்பின் தொடக்கத் திரையில் பதிப்புரிமை (©) வரியைப் படியுங்கள். ஸ்டுடியோவின் லோகோவை நம்ப வேண்டாம். டான் ஆஃப் வார் மாதிரி, இன்னொருவரின் கதையுலகை உரிமத்தில் எடுத்துச் செய்த கேம் என்றால் அதில் உரிமக்காரரான கேம்ஸ் வொர்க்‌ஷாப் பெயரும் இருக்கும். அவர்கள் தலையசைக்காமல் அடுத்த பாகம் கிடையாது. கோரிக்கையை அந்த வரியில் இருப்பவர்களுக்கு அனுப்புங்கள். யார் செய்யவேண்டும் என்று ஆசைப்படுகிறீர்களோ, அவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கிரெடிட்ஸில் பெயர் பார்த்துத் தேடுங்கள்.