சிவரஞ்சனியும் ஓர் அகதியும்

அகில இந்திய வானொலியின் காலை ஒலிபரப்பு தொடங்குமுன், தம்புரா சுருதியின் மேல் வயலின் எழும் அந்த முகப்பிசையைப் பல் துலக்கிக்கொண்டே கேட்டு வளர்ந்தவன் நான். சிவரஞ்சனி ராகத்தின் சாயல் கொண்ட அதை அமைத்தவராக அறியப்படும் வால்டர் காஃப்மன் ஒரு யூதர் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே தெரிந்தது. இன்றைய செக் நாட்டில் பிறந்து பெர்லினிலும் பிராகிலும் இசை பயின்ற அவர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த மறு ஆண்டு, 1934இல், பம்பாய் வந்து சேர்ந்தார். 1946 வரை இங்கிருந்தவர், பின்னாளில் தென்னிந்திய ராகங்களைப் பற்றியே ஒரு பெரிய நூல் எழுதினார்.

ஹிட்லர் ஆட்சியால் நாடு விட்டு வெளியேறிய இத்தகைய யூதர்களைப் பற்றிப் பேசும்போது, ஜெர்மனி இழந்தது, அமெரிக்காவும் இங்கிலாந்தும் பெற்றன என்று வரவு செலவு பார்ப்பது நம் வழக்கமாகிவிட்டது. ஐன்ஸ்டைன் பிரின்ஸ்டன் போனதும், பெர்லினை விட்டு வெளியேறிய எர்ன்ஸ்ட் செயின் ஆக்ஸ்ஃபோர்டில் பெனிசிலினை மருந்தாக்க உழைத்ததும் உண்மைதான். ஆனால், போன இடமெல்லாம் அவர்களுக்கு ஆரத்தி காத்திருந்தது போன்ற தொனியை என்னால் ஏற்க முடியவில்லை.

பெங்களூரில் நடந்ததையே பாருங்கள். 1933 ஏப்ரலில் யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்க வந்த சட்டத்தால் ஜெர்மனியின் கட்டிங்கன் பல்கலைக்கழகப் பதவியை இழந்த இயற்பியலாளர் மாக்ஸ் பார்னை, இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்த நம் சி.வி. ராமன் அழைத்தார். 1935இல் மனைவியுடன் வந்த பார்னுக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி தரவேண்டும் என்று ராமன் முன்மொழிந்த கூட்டத்தில், ஓர் ஆங்கிலேயப் பேராசிரியர் எழுந்து, சொந்த நாட்டிலிருந்தே துரத்தப்பட்ட இரண்டாந்தர அந்நியர் நமக்கு எதற்கு என்ற பொருள்படப் பேசினார். பார்ன் அங்கேயே உட்கார்ந்திருந்தார். வீடு திரும்பி மனைவியிடம் அழுததை அவரே பதிவு செய்திருக்கிறார். அது உண்மையில் ராமன்மீது இருந்த காழ்ப்பு என்று சொல்வோரும் உண்டு. இருக்கலாம், ஆனால் அடி விழுந்தது போக்கிடமின்றி நின்ற மனிதர்மேல்.

பதவி கிடைக்கவில்லை. 1936இல் அவர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1954இல் நோபல் பரிசு பெற்றார். குவாண்டம் இயற்பியலில் நுண்துகளின் நிலையைக் குறிக்கும் கணித வடிவமான அலைச்சார்புக்கு, அத்துகள் எங்கே இருக்கக்கூடும் என்பதன் நிகழ்தகவைச் சொல்வது அது என்று விளக்கம் தந்ததே அப்பரிசுக்கு முதன்மைக் காரணம். அந்த ஆய்வை அவர் வெளியிட்டது 1926இல், அதாவது பெங்களூர்க் கூட்டத்தில் அவரை இரண்டாந்தரம் என்று சொல்வதற்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே.