அந்த ஆய்வுகள் இசை வகுப்பை அளக்கவில்லை
"முதுகலைப் பட்டத்தால் கற்பித்தல் மாறாது என்று அமெரிக்க ஆய்வுகள் நிரூபித்துவிட்டன, இசை ஆசிரியருக்கும் அது சம்பள உயர்வுக்கான தாள்தான்" என்று சிலர் கூறுவது சரியன்று. அவ்வாய்வுகளில் பெரும்பாலானவை மாணவர்களின் வாசிப்பு, கணித மதிப்பெண்களை வைத்தே முடிவுக்கு வந்தவை. இசை வகுப்பில் நடப்பது அந்த மதிப்பெண்ணில் தெரிய வாய்ப்பில்லை. ஆசிரியர்கள் முதுகலை படிக்கச் சம்பளமும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. நியூயார்க் மாநிலத்தில் ஆசிரியரின் தொழில்முறைச் சான்றிதழுக்கே முதுகலை வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் கோடை விடுமுறையில் நடக்கும் இசைக் கல்வி முதுகலை வகுப்புகள் சிலவற்றில் பாடுவதை முதன்மையாக்கி இசை கற்பிக்கும் ஹங்கேரியின் கோடாய் முறை பாடமாகவே இருக்கிறது. அதைக் கற்றுத் திரும்பும் ஆசிரியர், இசைக் குறியீடு எழுதும் ஐந்து கோடுகளைக் கரும்பலகையில் வரைவதற்கு முன், மேற்கத்திய இசையின் 'ஸோ', 'மி' என்னும் இரண்டு சுரங்களையும் கைச்சைகையோடு குழந்தைகளைப் பாடவைத்து, அவை காதில் பதிந்த பிறகே குறியீட்டைக் காட்டுவார். கற்பித்தல் மாறவில்லை என்றால், பாடத்தின் வரிசையே தலைகீழாவதை என்னவென்று சொல்வது?