தனித்துவத்துக்கு அட்வான்ஸ்

(பாளையங்கோட்டையில் ஒரு போட்டோ ஸ்டுடியோ. பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற சங்கரபாண்டியன், ஆவணியில் நடக்கவிருக்கும் மகளின் கல்யாணத்துக்குப் படம் எடுக்க ஆள் பேச வந்திருக்கிறார். உரிமையாளர் இசக்கிமுத்து மாதிரி ஆல்பங்களை மேசையில் அடுக்குகிறார். இருவரும் எழுத்துத் தமிழிலேயே பேசுவார்கள். முன்னவருக்கு அது கிரயப் பத்திரத்தால் ஒட்டிக்கொண்ட பழக்கம். பின்னவர் கல்யாண வீடியோக்களுக்குப் பின்னணிக் குரல் கொடுப்பவர்.)

சங்கரபாண்டியன்: தம்பி, முதல் ஆல்பத்தில் பணகுடிக் காற்றாலைக்கு முன்னால் மாப்பிள்ளை பெண்ணைத் தூக்குகிறார். இரண்டாவதிலும் தூக்குகிறார். மூன்றாவதில் காற்றாலை கொஞ்சம் தள்ளிப்போயிருக்கிறதே தவிர, பெண் கீழே இறங்கவில்லை. இவர்களில் ஒருத்தியையாவது தரையில் நிற்க விட்டிருக்கலாமே?

இசக்கிமுத்து: தரையில் நின்றால் அதைக் கல்யாணத்துக்கு முந்தைய படம் என்று எவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அண்ணாச்சி. காற்றாலை முன் தூக்குதல், குறுக்குத்துறை மண்டபத்தில் எதிரெதிர்த் தூண்களில் சாய்ந்தபடி ஒருவரையொருவர் பாராதிருத்தல், தாமிரபரணி மணலில் கைகோத்து ஓடுதல், பொழுது அடையும் நேரத்தில் நெற்றியோடு நெற்றி வைத்தல் என்று ஒரு வரிசை இருக்கிறது. அதில் ஒன்று குறைந்தாலும் பெண்ணின் சித்தி கணக்குக் கேட்பார்.

சங்கரபாண்டியன்: இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு ஆல்பத்தின் முதல் பக்கத்திலும் ‘எங்கள் கதை வேறு யாருடையதும் அல்ல’ என்று பொன்னெழுத்தில் போட்டிருக்கிறதே, அதை எழுதியவர் யார்?

இசக்கிமுத்து: அந்தப் பக்கம் மொத்தமாக அச்சடித்து வருகிறது. பெயரை மட்டும் நாங்கள் நிரப்பிக்கொள்வோம்.

சங்கரபாண்டியன்: என் வயிற்றெரிச்சல் முழுவதும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. 2025 மார்ச்சில் என்ன நடந்தது? ஜப்பானில் கார்ட்டூன் சினிமா எடுக்கும் ஜிப்லி ஸ்டுடியோக்காரர்கள் சில வினாடிக் காட்சிக்காக மாதக்கணக்கில் உட்கார்ந்து கையால் வரைகிறார்கள். அந்தச் சாயலை நம் போட்டோமீது கணினி ஓரிரு நிமிடத்தில் பூசித் தருகிறது என்றதும், ஒரே வாரத்துக்குள் எங்கள் தெரு முழுவதும் கார்ட்டூனாக மாறிவிட்டது. என் மைத்துனருக்கு மீசை மறைந்து, கண் பெரிதாகி, பின்னால் ஒரு புல்வெளியும் வந்து சேர்ந்தது. அதன் கீழே ‘இதுதான் உண்மையான நான்’ என்று எழுதியிருந்தார். உண்மையான அவரை முப்பது வருடங்களாகக் கடன் கொடுத்து அறிந்தவன் நான்.

இசக்கிமுத்து: ஒன்றைப் போலவே இன்னொன்று இருப்பது அத்தனை பெரிய குற்றமா? உங்கள் கை வழியாகப் போன கிரயப் பத்திரம் ஒவ்வொன்றிலும் ‘யாதொரு வில்லங்கமும் இல்லை’ என்ற வாசகம் ஓர் எழுத்துக்கூட மாறாமல் வந்திருக்குமே!

சங்கரபாண்டியன்: வந்தது. ஆனால் மேலப்பாளையத்தில் இரண்டு சென்ட் வாங்கிய எவரும் அந்தப் பத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, இது என் ஆழ்மனத்தின் வெளிப்பாடு என்று சொன்னதில்லை. கோவில்பட்டியில் இருந்த கொண்டையராஜுவை எடுத்துக்கொள்ளுங்கள். நாடக மேடைக்குத் திரை எழுதிய கையால் அவர் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகி ஊர் ஊராகப் போயின. அவர் 1976இல் மறைந்த பிறகும் சுவர்களிலிருந்து அவை இறங்கவில்லை. என் வீட்டிலும் எதிர் வீட்டிலும் ஒரே லட்சுமிதான் இருந்தாள், எனக்கு ஒருநாளும் எரிச்சல் வந்ததில்லை. ஏனென்றால் எதிர் வீட்டுக்காரர் தம் லட்சுமியைக் காட்டி, இப்படி ஒருத்தி உலகிலேயே கிடையாது, நான் அத்தனை வித்தியாசமானவன் என்று என்னிடம் மார்தட்டவில்லை.

இசக்கிமுத்து: அந்த லட்சுமியும் தானாக முளைத்தவள் அல்லவே? 1894இல் பம்பாயில் ஓவியர் ரவிவர்மா அச்சகம் தொடங்கிப் படங்களைக் கட்டுக்கட்டாக வெளியிட்டபோது, எல்லா வீட்டிலும் இதே முகமா என்று அன்றைய சங்கரபாண்டியன் ஒருவர் முகம் சுளித்திருக்க மாட்டாரா? அன்றைக்கு மோகமாக இருந்தது இன்றைக்குப் பூசை அறைக்குள் போய்விட்டது, அவ்வளவுதான்.

சங்கரபாண்டியன்: அப்படியானால் என் பேரன் காற்றாலைக்குச் சூடம் காட்டுவான் என்கிறீர்களா?

இசக்கிமுத்து: காட்டினாலும் காட்டுவான், அதை நான் ட்ரோனில் எடுப்பேன். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். முகூர்த்தம் தவறாமல் எல்லாக் கல்யாணத்துக்கும் போய் முதல் வரிசையில் உட்காருகிற உங்களுக்கு அது நாற்பதாவது தூக்கல். தூக்கப்படுகிற பெண்ணுக்கோ அது ஒன்றே ஒன்று. நிறையப் பார்த்தவரின் சலிப்பை முதல்முறை செய்கிறவர் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

(இதற்கு நேரான பதில் சங்கரபாண்டியனிடம் இல்லை. பதில் இல்லாதவர்கள் செய்வதைப் போலவே அவரும் ஆல்பத்தைப் புரட்டத் தொடங்குகிறார்.)

சங்கரபாண்டியன்: ஆனாலும் இந்தப் படத்தைக் குறை சொல்ல மாட்டேன். என் மருமகப்பிள்ளை எவ்வளவு களையாக இருக்கிறார்! இதை எப்போது எடுத்தீர்கள்? எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே?

இசக்கிமுத்து: அண்ணாச்சி, இவர் அம்பாசமுத்திரத்து மாப்பிள்ளை. தை மாதமே இவருக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது.

சங்கரபாண்டியன்: அதே தாடி, உச்சியில் அதே கொத்து முடி, காதோரத்தில் அதே வழிப்பு! நான் வேறு என்னத்தைக் கண்டேன்?

இசக்கிமுத்து: வெட்கப்பட வேண்டாம். அமெரிக்காவில் பிரான்டைஸ் பல்கலைக்கழகத்துக் கணித ஆய்வாளர் ஜோனத்தன் டூபூல், ஊரோடு ஒத்துப்போகக் கூடாது என்று முரண்டு பிடிப்பவர்கள் கடைசியில் தங்களுக்குள் ஏன் ஒரே மாதிரி ஆகிறார்கள் என்று ஆராய்ந்திருக்கிறார். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்ற சேதி ஒவ்வொருவருக்கும் தாமதமாகத்தான் வந்து சேருகிறது. வந்ததும் அவரவர் தனியாக யோசித்து எதிர்ப்பக்கம் திரும்புகிறார்கள். பார்த்தால் அத்தனை பேரும் ஒரே பக்கம் திரும்பியிருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவியூ பத்திரிகை 2019இல் இதைப் பற்றி எழுதி, தாடியும் கம்பளித் தொப்பியுமாக ஓர் இளைஞர் படத்தைப் போட்டது. என்னைக் கேட்காமல் என் படத்தை எப்படிப் போடலாம் என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். விசாரித்தால், படத்தில் இருந்தவர் வேறு ஆள்.

சங்கரபாண்டியன்: தன் முகமே தனக்குத் தெரியாத ஆள் இருக்கும்போது, பெண் பார்க்க வந்த அன்று காப்பிக் கோப்பைக்கு மேலாக ஒருமுறை பார்த்த மருமகனை நான் தவறவிட்டது பாவமில்லை. பேசாமல் அவரைத் தாடியை எடுத்துவிடச் சொல்லலாமா?

இசக்கிமுத்து: அதற்கும் ஆராய்ச்சி உண்டு. 2014இல் ஆஸ்திரேலியாவில் பலவகை முகங்களைக் காட்டி மார்க்குப் போடச் சொன்னார்கள். தாடி குறைவாக உள்ள கூட்டத்தில் தாடிக்கு மவுசு, தாடி மலிந்த கூட்டத்தில் மழித்த முகத்துக்கு மவுசு என்று முடிவு வந்தது. ஆனால் இப்போது எல்லா மாமனார்களும் இதையே சொல்லிவிட்டுப் போகிறார்கள். அடுத்த ஆவணியில் அத்தனை மாப்பிள்ளைகளும் மழித்த முகத்தோடு வந்து நிற்பார்கள், நீங்கள் மறுபடியும் இங்கே உட்கார்ந்து எரிச்சல் படுவீர்கள்.

சங்கரபாண்டியன்: சரி, எவ்வளவு என்று சொல்லுங்கள். இந்தச் சீட்டில் ஐந்தாவது வரியில் என்ன எழுதியிருக்கிறது? ‘தந்தை மகளை மணக்கோலத்தில் முதன்முதலாகக் காணுதல்.’ இது என்ன?

இசக்கிமுத்து: இப்போது எல்லாரும் கேட்பது அதைத்தான். நீங்கள் முதுகைக் காட்டி நிற்பீர்கள். மகள் பின்னாலிருந்து வந்து தோளைத் தொடுவாள். நீங்கள் திரும்பிப் பார்த்து, ஒரு கணம் திகைத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

சங்கரபாண்டியன்: பெற்றவன் அழுவதற்கும் வரிசை போட்டுவிட்டீர்களா? என்னால் முடியாது. எனக்கு அழுகை வந்தால் யாருக்கும் தெரியாமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அதுதான் என் சுபாவம்.

இசக்கிமுத்து: சன்னல் பக்கம் திரும்புவது எங்கள் தனித்துவப் பேக்கேஜில் இருக்கிறது, அண்ணாச்சி. ரூ.1,500 கூடுதலாகும். வெளிச்சம் காட்டச் சன்னலுக்கு வெளியே ஓர் ஆள் நிற்க வேண்டும்.

சங்கரபாண்டியன்: (நெடுநேரம் சீட்டைப் பார்த்துவிட்டு, மணிபர்ஸை எடுத்தபடி) அதில் மற்ற தகப்பன்மார்கள் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள்?

இசக்கிமுத்து: இடப்பக்கம்.

சங்கரபாண்டியன்: நான் வலப்பக்கம் திரும்புகிறேன். கைக்குட்டை நான் கொண்டுவர வேண்டுமா?

இசக்கிமுத்து: வேண்டாம், அது பேக்கேஜில் சேர்ந்தது. வலப்பக்கத்துக்காரர்களுக்கு இளநீலம்.