ஆழம் குறைந்த நீரில் சக்கரமே ராஜா

பெரிய சக்கரத்தைச் சுழற்றி நீரைத் தள்ளி ஓடும் துடுப்புச் சக்கரக் கப்பல்கள், நீருக்கடியில் விசிறிபோலச் சுழலும் புரொப்பெல்லரிடம் தோற்று மறைந்தன என்று அக்கப்பல்கள் பற்றி நான் வாசித்த கட்டுரை முடித்திருப்பது அவசரத் தீர்ப்பு. 1845இல் ராட்லர், அலெக்டோ என்ற இரு பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களைக் கயிற்றால் பிணைத்து இழுக்கவிட்டபோது புரொப்பெல்லர் பூட்டிய ராட்லர், சக்கரக் கப்பலான அலெக்டோவை வென்றது உண்மைதான். ஆனால் அது ஆழ்கடல் கணக்கு. ஆழம் குறைந்த ஆற்றில் சக்கரம்தான் ராஜா. மணலில் இடிபட அடியில் எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. வங்கதேசத்தின் ‘ரொக்கெட்’ என்ற சக்கரக் கப்பல்கள் டாக்கா–குல்னா வழியில் இந்த நூற்றாண்டிலும் ஓடியதைக் கட்டுரை ஏனோ தொடவேயில்லை. யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்து நிற்கும் எங்களுக்கு ஆழமில்லாக் கடலின் தொல்லையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை! சக்கரக் கப்பல்கள் முற்றாக மறையவும் இல்லை: ஸ்கொட்லாந்தின் ‘வேவர்லி’ என்ற சக்கரக் கப்பல் 1974இல் ஒரேயொரு பவுணுக்குக் கைமாறியது. அதன் நீராவி எஞ்சின் சுழல்வதைப் பயணிகள் இன்றும் பக்கத்தில் நின்றே பார்க்கலாம்.